மூலையில் வைத்தால் எடை குறைகிறது: பிளாட்பார்ம் தராசில் எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர்–பண்ருட்டி சாலையில் முந்திரிக்கொட்டை வாங்கும் கிடங்கு. அங்கே இரண்டு தராசுகள். ஒன்று அப்பா காலத்து இரும்புப் பிளாட்பார்ம் மிஷின், தண்டில் குண்டை நகர்த்தி எடை பார்ப்பது, 100 கிராம் கோடுகள் கொண்டது. இன்னொன்று போன வருடம் வாங்கிய எலக்ட்ரானிக் தராசு, 200 கிலோ வரை, 20 கிராம் பிரிவு (அது காட்டும் மிகச் சிறிய படி). ஒரே 80 கிலோ மூட்டையைப் பழைய மிஷினில் எங்கே வைத்தாலும் 79.9 வருகிறது. புதியதில் நடுவில் வைத்தால் 80.00, பின்பக்க இடது மூலைக்குத் தள்ளினால் 79.70. "எதை நம்பிக் காசு கொடுப்பது? பழசைத் தூக்கிப் போடலாமா? அடுத்து வாங்கும்போது என்ன பார்க்கணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதில்: இப்போதைக்குப் பழசை நம்புங்கள். புதியதைச் சரிசெய்யும் வரை அதில் கொள்முதல் செய்யாதீர்கள். கொட்டை கொண்டுவருகிறவர் மூட்டையை இறக்கும் இடத்தைப் பொறுத்து 300 கிராம் போகிறது என்றால், நூறு மூட்டையில் 30 கிலோ யாரோ ஒருவர் கையை விட்டுப் போகிறது. பெரும்பாலும் அது விவசாயியின் கையாகத்தான் இருக்கும்.

சட்டம் எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். வியாபாரத்துக்கான தராசுகள் துல்லியத்தில் பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு. அதில் பிழை வரம்பு கிலோக் கணக்கில் இல்லை, பிரிவுக் கணக்கில் இருக்கிறது. முதல் 500 பிரிவு வரை அரைப் பிரிவு, 2000 வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் 10,000 வரை ஒன்றரைப் பிரிவு. இது முத்திரை போடும்போது. பயன்பாட்டில் இருக்கும்போது ஆய்வுக்கு வந்தால் இதன் இரண்டு மடங்கு வரை விடுவார்கள். உங்கள் புதிய தராசில் 80 கிலோ என்பது 4000 பிரிவு. அப்படியானால் முத்திரையின்போது 30 கிராம், பயன்பாட்டில் 60 கிராம். 300 கிராம் எங்கே, 60 கிராம் எங்கே! பழைய மிஷினில் 80 கிலோ என்பது 800 பிரிவுதான். அங்கே 100 கிராம் வித்தியாசம் வரம்புக்குள் அடங்கிவிடும். அதன் கோடே 100 கிராம் என்பதால் 79.9-க்கும் 80-க்கும் இடையில் அதனிடம் நுணுக்கம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நான்கு மூலையிலும் ஒரே பேச்சுப் பேசுகிறது. பிளாட்பார்ம் தராசில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஏன் என்று சொல்ல, இந்த மிஷின் எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். தொங்கும் தட்டுத் தராசில் சரக்கைத் தட்டில் எங்கே வைத்தாலும் பாரம் கொக்கி வழியாக ஒரே புள்ளியில்தான் இறங்கும். ஆனால் வண்டியையோ பெரிய மூட்டையையோ கொக்கியில் தூக்கித் தொங்கவிடுவது பெரும்பாடு. சரக்கு தரையோடு இருக்க வேண்டும், மேடைமேல் எப்படி வைத்தாலும் எடை மாறக் கூடாது என்றால் வேறு வழி தேட வேண்டும். பிரான்சில் ரோபெர்வல் 1669-ல் ஒரு தராசைக் காட்டினார். மேலே ஒரு தண்டு, கீழே அதே நீளத்தில் இன்னொரு தண்டு, இரண்டையும் செங்குத்துக் கம்பிகள் இணைக்கும். அந்த இணைகரத்தின்மேல் நிற்கும் தட்டு சாயாமல் நேராகவே ஏறி இறங்கும். அதனால் தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் ஒன்றுதான். இங்கிலாந்தில் ஜான் வயாட் 1740-களில் கூட்டு நெம்புகோல்களை வைத்து வண்டி எடை போடும் மேடை செய்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் குவின்டென்ஸ் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் எடுத்துச் செல்லக்கூடிய மேடைத் தராசுக்கு 1822-ல் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் வெர்மான்ட்டில் சணல் வியாபாரத்தில் இறங்கிய தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ், வண்டியோடு சணலை எடை போட வழி தேடி, 1831-ல் தன் மேடைத் தராசுக்குக் காப்புரிமை பெற்றார். உங்கள் அப்பா வாங்கிய மிஷின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அதன் மேடையைத் தூக்கிப் பாருங்கள், ஆள் துணையோடு. கீழே இரண்டு நெம்புகோல்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இரண்டு இடத்தில் சட்டத்தின்மேல் ஊன்றியிருக்கும். அதற்கு ஒட்டினாற்போல் உள்பக்கம் இரண்டு இடத்தில் மேடையைத் தாங்கும். ஆக மேடைக்கு நான்கு தாங்கல். குட்டையின் நுனி நீளத்தின்மேல் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். நீளத்தின் நுனியிலிருந்து ஒரு கம்பி தூணுக்குள் ஏறி மேல் தண்டைப் பிடித்து இழுக்கும்.

மூலை மாறினாலும் எடை மாறாத ரகசியம் அந்தக் கொக்கியின் இடத்தில் இருக்கிறது. ஊன்றுமுனைக்கும் மேடை தாங்கும் முனைக்கும் உள்ள தூரம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீள நெம்புகோலின் நுனி ஊன்றுமுனையிலிருந்து 800 மி.மீ. அந்தப் பக்கம் விழும் பாரம் 16-ல் ஒரு பங்காக நுனிக்குப் போகும். எதிர்ப்பக்கம் விழும் பாரம் குட்டை வழியாகச் சுற்றி வர வேண்டும். குட்டையின் நீளம் 400 மி.மீ. என்றால் அதன் நுனியில் பாரம் 8-ல் ஒரு பங்கு. அது நீள நெம்புகோலில் எந்த இடத்தில் இறங்கினால் மறுபடி 16-ல் ஒன்றாகும்? நீளத்தின் ஊன்றுமுனையிலிருந்து சரியாக 400 மி.மீ. தள்ளி. அதாவது குட்டையின் நீளமும், நீளத்தின்மேல் கொக்கி விழும் தூரமும் சமமாக இருக்க வேண்டும். அந்த ஒரு சமம் கெட்டால் முன்பக்கம் ஒரு எடை, பின்பக்கம் ஒரு எடை. 50 மி.மீ. என்ற தூரம் நான்கு தாங்கலிலும் ஒன்றாக இல்லாவிட்டால் நான்கு மூலையும் நான்கு எடை. 80 கிலோவில் 100 கிராம் பிழை என்பது 800-ல் ஒன்று. 50 மி.மீ.யில் அது 0.06 மி.மீ., ஒரு தலைமுடியின் பருமன். வார்ப்பிரும்பில் உளி, அரம் வைத்து இதைச் சாதித்தவர்கள்மேல் எனக்கு இன்றும் தீராத மரியாதை உண்டு.

இந்தத் தூரத்தைக் காப்பது கத்திமுனை. கடினப்படுத்திய எஃகு முனை, அதே மாதிரி கடினமான எஃகுத் தாங்கலில் ஒரு கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும். முனை மழுங்கினால் தொடும் கோடு பட்டையாகிவிடும். தண்டு ஆடும்போது தொடும் இடம் முன்பின் நகரும், தூரமும் அதோடு மாறும், உராய்வும் கூடும். அதனால்தான் பழைய மிஷின் "மந்தமாக" இருக்கிறது என்பார்கள்: சின்ன எடை கூட்டினால் தண்டு அசையாது. மேல் தண்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதன் மூன்று கத்திமுனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், தண்டின் எடைமையம் அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். ரொம்பக் கீழே போனால் மந்தம். மேலே போனால் தண்டு நிற்காமல் ஒரு பக்கம் விழுந்துவிடும். பாரம் தொங்கும் முனைகள் ஊன்றுமுனைக்குக் கீழே இறங்கியிருந்தால் லேசான மூட்டைக்குச் சுறுசுறுப்பாகவும் கனத்த மூட்டைக்கு மந்தமாகவும் இருக்கும்.

இனி புதிய தராசு. மேல்தட்டை எடுத்தால் குறுக்குச் சட்டத்தின் நடுவே ஒரு அலுமினியக் கட்டை, நடுவில் பெரிய துளையோடு தெரியும். அதுதான் லோடு செல், பாரத்தை மின்சைகையாக மாற்றும் உறுப்பு. துளைக்கு மேலும் கீழும் உலோகம் மெலிந்த நான்கு இடங்கள் இருக்கும். நன்றாகப் பார்த்தால் அது ரோபெர்வலின் இணைகரமேதான். மெலிந்த நான்கு இடங்கள் நான்கு மூட்டுகள், துளைக்கு மேலும் கீழும் உள்ள பட்டைகள் இரண்டு தண்டுகள். மூட்டையை ஓரத்தில் வைத்தால் வரும் சாய்வு விசை மேல் பட்டையை இழுக்கிறது, கீழ் பட்டையை அமுக்குகிறது. நேராக இறங்கும் பாரம் நான்கு மெலிந்த இடங்களையும் வளைக்கிறது. அங்கே ஒட்டியிருக்கும் நான்கு திரிபுமானிகள் (உலோகம் நீள்வதையும் சுருங்குவதையும் மின்தடை மாற்றமாகக் காட்டுபவை) வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்றாக இணைக்கப்பட்டிருக்கும். வளைவுக்கு அந்தப் பாலம் பதில் சொல்லும். சாய்வால் வரும் இழுப்பும் அமுக்கமும் பாலத்துக்குள்ளேயே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

கழித்தல் முழுமையாக நடக்க நான்கு மெலிந்த இடங்களும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். வெட்டும் இயந்திரம் எவ்வளவு நுட்பமானாலும் அது தானாக அமைந்துவிடுவதில்லை. ஆகவே தொழிற்சாலையில் ஒவ்வொரு மூலையிலும் எடை வைத்துப் பார்த்து, எந்த மூட்டு கெட்டியோ அங்கே அரத்தால் துளி துளியாகச் சுரண்டுவார்கள். கழற்றிய லோடு செல்லைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சிலவற்றில் அந்த அரச்சுவடு தெரியும். 500 ரூபாய் குறைவாகக் கொடுத்து வாங்கும் தராசில் பெரும்பாலும் விடுபடுவது இந்த வேலைதான். பெரிய மேடைகளில் நான்கு மூலைக்கும் தனித்தனி லோடு செல் வைத்து, ஜங்ஷன் பாக்ஸில் உள்ள சிறு மின்தடைகளைத் திருகி மூலைகளைச் சமப்படுத்துவார்கள்.

எவ்வளவு சின்ன சைகையை வைத்து இந்தத் தராசு பேசுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முழுப் பாரத்தில் உலோகம் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும். 350 ஓம் மின்தடை கொண்ட திரிபுமானியில் அது வெறும் 0.7 ஓம் மாற்றம். 5 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்கு வெளியே வருவது சுமார் 10 மில்லிவோல்ட். அதைப் பத்தாயிரம் பிரிவாகப் பிரித்தால் உங்கள் 20 கிராம் என்பது ஒரு மைக்ரோவோல்ட் அளவுதான். வயர் இணைப்பில் கொஞ்சம் உப்பு ஈரம் இறங்கினால் எடை தானாக ஏறி இறங்கும். கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் மீன் பெட்டி எடை போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அத்துப்படி. அங்கே துருப்பிடிக்காத எஃகில் முழுதும் அடைத்து மூடிய லோடு செல்தான் நிற்கும். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். கிடங்கில் உங்கள் எதிரிகள் தூசி, முந்திரிக்கொட்டை, எலி.

முந்திரிக்கொட்டை என்று சும்மா சொல்லவில்லை. லோடு செல் முழுப் பாரத்துக்கும் அரை மி.மீ. அளவுக்குத்தான் இறங்கும். மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கொட்டை சிக்கினால் போதும். பாரத்தில் ஒரு பங்கு லோடு செல்லைத் தொடாமல் அந்தக் கொட்டை வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். தராசு அதைப் பார்க்கவே பார்க்காது. உங்கள் இடது மூலைக்கு இதுவா காரணம், லோடு செல்லா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த மூலையில் 20, 40, 60 கிலோ என்று வைத்து, ஒவ்வொன்றையும் நடுவில் வைத்த எடையோடு ஒப்பிடுங்கள். குறைவு சுமார் 75, 150, 225 கிராம் என்று பாரத்தோடு சீராக ஏறினால் லோடு செல்லின் சமநிலை சரியில்லை, அல்லது அடி வாங்கி வளைந்திருக்கிறது. 20, 40 வரை ஒன்றும் இல்லாமல் 60-ல் திடீரென்று குறைந்தால் ஏதோ ஒன்று தொடுகிறது. சிக்கிய கொட்டையாக இருக்கலாம், அதிபாரத்தைத் தடுக்க வைத்திருக்கும் ஸ்க்ரூவாக இருக்கலாம், மடங்கிய வயராகவும் இருக்கலாம். தட்டை எடுத்துவிட்டு, மேல் சட்டத்தின்மேல் பாரம் வைத்த நிலையில் ஒரு துண்டுத் தாளை எல்லா இடைவெளியிலும் ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

அதற்கும் முன்னால் தரையைப் பாருங்கள். நான்கு ரப்பர் காலும் ஊன்றியிருக்கிறதா, குமிழி மட்டம் வட்டத்துக்குள் நிற்கிறதா, மூட்டை பின் சுவரில் சாய்கிறதா என்று பாருங்கள். தரை சாய்ந்தால் பாரத்தின் ஒரு பகுதிதான் லோடு செல்லின் நேர்த்திசையில் விழும். இரண்டு டிகிரி சாய்வுக்கு 100 கிலோவில் 60 கிராம் குறையும், மூன்று டிகிரிக்கு 137 கிராம்.

லோடு செல்தான் வளைந்திருக்கிறது என்றால் காரணம் அநேகமாக மூட்டையைப் போட்ட விதம். தோளிலிருந்து நழுவ விடும் மூட்டை, மேடையைத் தொட்டபடியே திடீரென்று விட்டாலும், ஒரு கணம் தன் எடையைப் போல இரண்டு மடங்கு அழுத்தும். ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் பல மடங்கு. சாக்கு நசுங்கிக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது, இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாத் தராசும் படுத்துவிடும். பொதுவாக லோடு செல் தன் கொள்ளளவில் ஒன்றரை மடங்கு வரைதான் பத்திரமாகத் தாங்கும். மேடைக்குப் பக்கத்தில் வெல்டிங் வைப்பதும் இதே போல ஆபத்து. வெல்டிங் மின்னோட்டம் லோடு செல் வழியாகப் பாய்ந்தால் திரிபுமானி தீய்ந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள்: முத்திரைக் கம்பி போட்ட இடத்தைத் திறக்கவோ, இண்டிகேட்டரில் அளவுத்திருத்தத்தைத் தொடவோ கூடாது. தட்டை எடுத்துச் சுத்தம் செய்வது வரைதான் உங்கள் வேலை. மீதி உரிமம் பெற்ற பழுதுநீக்குபவருடையது. அவர் சரிசெய்த பிறகு மறுபடி முத்திரை வாங்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வரும் முத்திரை ஆய்வாளரின் வேலை. எலக்ட்ரானிக் தராசுக்கும் பிளாட்பார்ம் மிஷினுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை கட்டாயம்.

எடைக்கல் கைவசம் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள் நிறைய இருக்கின்றன. மூலைச் சோதனைக்குச் சரியான எடை தெரிய வேண்டியதே இல்லை, ஒரே பொருள் எல்லா இடத்திலும் ஒன்றாகக் காட்டினால் போதும். சட்டப்படி கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை மேடையின் ஒவ்வொரு கால்பகுதியிலும் வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் தராசுக்கு அது சுமார் 66 கிலோ. முழு மூட்டை மூலையில் அடங்காது, குட்டைச் சாக்கில் கட்டி வையுங்கள். அடுத்து, இரண்டு மூட்டைகளைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள், பிறகு ஒன்றாகப் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தராசு காட்டும் எடை பாரத்தோடு சீராக ஏறவில்லை என்று அர்த்தம். மூட்டையை எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா பாருங்கள். கடைசியாக, எடை நிலைத்து நிற்கும்போது மெதுவாக நான்கு பத்து ரூபாய் நாணயங்களை வையுங்கள். ஒன்று சுமார் 7.7 கிராம், நான்கும் சேர்ந்து 30 கிராமுக்கு மேல். 20 கிராம் பிரிவுத் தராசு அதற்கு ஒரு எண்ணாவது நகர வேண்டும்.

நாணயத்தை வெறும் மேடைமேல் வைத்துச் சோதிக்காதீர்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தராசு தானாகவே பூஜ்யத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். சொட்டுச் சொட்டாக ஏறும் எடையை அழுக்கென்று நினைத்து விழுங்கிவிடும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் தண்ணீர் மேடையில் தேங்குவதை அது காட்டாமல் இருப்பது இதனால்தான்.

இன்னொரு விஷயம், பலருக்கும் புதிதாக இருக்கும். லோடு செல் அளப்பது பொருளின் நிறையை அல்ல, பூமி அதை இழுக்கும் விசையை. அந்த இழுப்பு ஊருக்கு ஊர் மாறும். கடலூரில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.782, டெல்லியில் சுமார் 9.791. டெல்லியில் எடைக்கல் வைத்துச் சரிசெய்த தராசைத் திருத்தாமல் இங்கே கொண்டுவந்து வைத்தால் 100 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 90 கிராம் குறைத்துக் காட்டும். அதனால் வெளியூரிலிருந்து வரும் தராசைக் கடலூரிலேயே எடைக்கல் வைத்துத் திருத்தித்தான் வாங்க வேண்டும். பழைய மிஷினுக்கு இந்தக் கவலை இல்லை. மூட்டையையும் குண்டையும் பூமி ஒரே அளவில்தான் இழுக்கிறது, எந்த ஊருக்கு எடுத்துப் போனாலும் கணக்கு மாறாது.

அடுத்து வாங்கும்போது டிஸ்ப்ளேயில் எத்தனை எண் ஓடுகிறது என்று மயங்காதீர்கள். 300 கிலோ தராசு ஒரு கிராம் வரை காட்டுகிறது என்று சொன்னால், அது மூன்று லட்சம் பிரிவு. மூன்றாம் வகுப்பில் அதிகபட்சமே பத்தாயிரம்தான். மேக்ஸ் (Max, அதிகபட்ச எடை), மின் (Min, குறைந்தபட்ச எடை), ஈ (e, பிரிவு), வகுப்பு, மாடல் ஒப்புதல் எண் எல்லாம் பொறித்த தகடு இருக்கிறதா பாருங்கள். மின் என்று போட்டிருக்கும் எடைக்குக் கீழே எதையும் விற்கவோ வாங்கவோ கூடாது. 80 கிலோ மூட்டைக்கு 200 கிலோவும் 20 கிராமும் சரியான தேர்வுதான். மேடை மூட்டையைவிடப் பெரிதாக, சட்டம் கையால் முறுக்கினால் நெளியாததாக இருக்க வேண்டும். சட்டம் நெளிந்தால் எவ்வளவு நல்ல லோடு செல்லும் மூலையில் தோற்றுவிடும். கடையிலேயே மூன்று 20 கிலோ எடைக்கல்லை ஒவ்வொரு மூலையிலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். கொட்டை கொண்டுவருகிறவர் பக்கம் திரும்பிய இரண்டாவது டிஸ்ப்ளே ஒன்றும் கேளுங்கள். அவர் தன் எடையைத் தானே படிக்க முடிய வேண்டும்.

பழைய மிஷினைப் போட வேண்டாம். முத்திரையைப் புதுப்பித்து, தினமும் காலையில் ஒரே மூட்டையை இரண்டிலும் போட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன நாளிலும் கை கொடுக்கும். கத்திமுனை மழுங்கியிருந்தால் மாற்றித் தர, சாணை பிடித்துத் தர ஆள் இன்னும் இருக்கிறார்கள், சீக்கிரம் காட்டிவிடுங்கள். அதுவரை கத்திமுனைகளுக்கு எண்ணெயோ கிரீஸோ போட்டுவிடாதீர்கள். முந்திரித் தூசி அதில் ஒட்டிப் பசையாகி மந்தத்தைக் கூட்டும். உலர்ந்த துணியால் துடைத்து, சின்ன பிரஷால் தாங்கல்களின் உள்பக்கத்தைத் தட்டிவிட்டால் போதும்.